உப்புச் சாக்கும் கட்டாக் கருவாடும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

கிறிஸ்தவ விசுவாசத்தால் சமூகம் பெரிதும் நன்மை அடைவது திருச்சபையின் நிறுவனங்களாலா, விசுவாசியின் அன்றாட வாழ்வாலா? இதுதான் இன்றைய தலைப்பு. அன்றாட வாழ்வே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது ஆலய வளாகங்கள் வாசல் திறந்ததைச் சொன்னார். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. இந்த மண்ணில் எவராலும் மறுக்க முடியாது.

ஆனால் ஆண்டவர் தம் சீடரைப் பார்த்து, “நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்” என்றார். உப்பை அறியாத ஊரா இது? நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது. கரை நெடுகக் கருவாடு காய்கிறது. கட்டா மீனைக் கருவாடு போடுகிற ஓர் அம்மாவின் கையைப் பாருங்கள். வயிற்றைக் கிழித்துக் குடலும் செவுளும் எடுத்து, இரத்தம் போகக் கழுவுவார். முதுகுப் பக்கத்துத் தடித்த சதையில் விரலளவு இடைவெளி விட்டுக் கீறல் போடுவார். மூன்று கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உப்பு. ஒவ்வொரு கீறலுக்குள்ளும் விரலால் உப்பைத் தள்ளி, அடுக்கி, பாரம் வைத்து ஒரு நாள் விடுவார். உப்பு உள்ளே போகும், தண்ணீர் வெளியே வரும். பிறகு மேலுப்பைக் கழுவிவிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுவார்.

எங்கே பழுதாகும்? கீறல் விழாத இடத்தில் பழுதாகும். மேலே எவ்வளவு உப்பைக் குவித்தாலும், முள்ளோடு ஒட்டிய சதைக்குள் அது இறங்காவிட்டால் உள்ளே இளகி நாறும். வெளியே பார்த்தால் நல்ல கருவாடு மாதிரியே இருக்கும்!

சமூகத்தின் தடித்த சதை எது, நடுவர் அவர்களே? கடையின் கல்லாப்பெட்டி. தராசுத் தட்டு. கந்தோர் மேசை. சம்பளப் பேரேடு. ஆயரோ போதகரோ வந்து உட்கார முடியாத இடங்கள் இவை. அங்கே தினமும் உட்காருகிற விசுவாசிதான் உப்பாக இறங்க வேண்டும்.

சம்பளப் பேரேட்டைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். ஒரு கிறிஸ்தவர் கடை நடத்துகிறார். ஒரு பெண்பிள்ளை 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை செய்கிறாள். ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்தில் 8 வீதம், 3,200 ரூபாய் கழிக்க வேண்டும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,800 ரூபாய் போட வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் இந்த 8,000 ரூபாயும் கட்டப்பட வேண்டும். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அது முழுவதும் முதலாளியின் பணம். வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே இது கணக்கு. “ஆறு மாதம் பார்ப்போம், பிறகு பதிவோம்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. களவு மூன்று வழியில் நடக்கிறது. பதியாமல் விடுவது ஒன்று. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது இன்னொன்று. மூன்றாவதுதான் நெஞ்சைச் சுடுவது: அவள் பங்கைக் கழித்துவிட்டுக் கட்டாமலே விடுவது. ஐம்பது வயதில் அந்தச் சேமிப்புக்குக் கைநீட்டும்போதுதான் அவளுக்கு அது தெரியவரும். கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. இங்கே இருபது வருடம் இருந்துவிடுகிறது!

இரத்ததானத்தையும் எதிரணி தன் கணக்கில் எழுதியது. ஓகஸ்ட் 15 மாதா திருநாளில் ஒரு பங்கு ஆலயம் இரத்ததான முகாம் வைக்கிறது, ஒரே நாளில் நூறு பேர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஏறத்தாழ 450 மில்லிலீற்றர். நல்ல காரியம். ஆனால் இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் ஐந்து நாள்தான் தாங்கும். செங்குருதிக் கலங்கள் குளிரில் 35 முதல் 42 நாள். ஒக்டோபரில் ஒரு தாய்க்குப் பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனால், அந்த நூறு பேர் கொடுத்த செங்குருதியில் ஒரு பையும் மிஞ்சியிராது. கொடுத்த நூறு பேரும் நான்கு மாதத்துக்குத் திரும்பக் கொடுக்கவும் இயலாது. நாள்காட்டியில் தன் முறையைக் குறித்துவைத்து, காலையில் வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வருடத்துக்கு மூன்று தரம் தானாக இரத்த வங்கிக்குப் போகிற ஒருவரே அந்த இடைவெளியை அடைக்கிறார். அவருக்குப் பதாகையும் இல்லை, படமும் இல்லை.

2019 ஏப்ரல் 21ஐ நாம் மறக்கவில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலில் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். பின்வந்த கிழமைகளில் “முஸ்லிம் கடைக்குப் போகாதே” என்ற பேச்சு நாட்டில் பரவியது. அமைதி காக்கும்படி திருச்சபைத் தலைவர்கள் கேட்டார்கள். அந்த வார்த்தைக்கு உயிர் வந்தது எங்கே? வழமையாகச் சீனி வாங்கும் கடைக்கே மறுபடியும் போய், “எப்படி நானா, சுகமா?” என்று கேட்டவரிடத்தில்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தில்தானே சேர்த்தான், சத்திரம் நிறுவனம் அல்லவா என்று எதிரணித் தலைவர் மடக்கினார். நல்ல கேள்வி. சத்திரம் வேண்டும்தான். ஆனால் வழியில் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் ஆலயப் பணியாளர்கள். நின்றவன் தனியாள். எண்ணெயும் திராட்சரசமும் அவனுடையவை. ஏற்றிப்போன வாகனம் அவனுடையது. சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணமும் அவனுடையது. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்ற வாக்கும் அவனுடையதே.

தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் “கொர்பான்”, காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தார். எதிரணித் தலைவர் தொகுப்புரைக்கு வரும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் தரட்டும். அந்தக் கடைப்பிள்ளையின் நிதிக்குப் போயிருக்க வேண்டிய மாதம் 8,000 ரூபாய், உங்கள் நிறுவனத்தின் கட்டட நிதிக்கு நன்கொடையாக வந்தால், பற்றுச்சீட்டை யார் பெயருக்கு எழுதுவீர்கள்?