மகனைப் பார்க்க துபாய் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் எந்தத் தெருவை எடுத்தாலும் துபாயில் வேலை பார்க்கிற ஒருவராவது இருப்பார். முன்பெல்லாம் சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர், மட்டும்தான் போவார், வருவார். இப்போது வாப்பாவும் உம்மாவும் விசிட் விசாவில் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் புர்ஜ் கலீபா, பெரிய மால், மணல்மேட்டில் கார் சவாரி, அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதிப் பல வருடம் பிழைத்தவன் நான். விருந்தாளிக்குக் காட்டுகிற துபாய் வேறு, பிள்ளைகள் இருக்கிற துபாய் வேறு. இரண்டாவதைப் பார்க்காமலே பெற்றவர்கள் விமானம் ஏறிவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். "ராமநாதபுரத்துக்காரனுக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறாயா" என்பீர்கள். துபாய் பாலைவனம்தான், ஆனால் கடலை ஒட்டிய பாலைவனம். ஜூலை, ஆகஸ்டில் 45 டிகிரி வரை போகும். அதோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏசி அறையிலிருந்து வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து கண் தெரியாமல் போகும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் சுடச்சுட இருப்பதால் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. அதனால் அங்கே ஒரு தந்திரம் உண்டு. கோடை வந்ததும் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் வீட்டுக்குள்ளே இருக்கிறதல்லவா, அதில் தங்கிய தண்ணீர் ஆறிவிடும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும்! புதிதாகப் போனவர்களுக்கு இது புரியவே நாலு நாள் ஆகும்.

வெளியில் நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சட்டமே ஒரு இடைவேளை கொடுத்திருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த நேரத்தில் கட்டிடம் நடக்கிற இடங்களைத் தாண்டிப் போனால், நிழல் விழுகிற இடத்திலெல்லாம் ஆட்கள் படுத்திருப்பார்கள். நம் மாவட்டத்துக் கொத்தனார்களும் அதில் இருப்பார்கள். ஆகவே போகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போங்கள். சாயங்காலத்தில் நடக்கலாம், உட்காரலாம், பேசலாம்.

அப்புறம் தண்ணீர். அந்த ஊரில் ஆறு இல்லை. வருடம் முழுக்கப் பெய்கிற மழை நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசி மாதத்து மழைக்கு ஈடாகாது. குடிக்கவும் குளிக்கவும் வருவது ஏறக்குறைய எல்லாமே கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதற்கான பெரிய ஆலைகள் ஜெபல் அலியில் இருக்கின்றன. நம் மாவட்டத்து நரிப்பையூர் கடல்நீர் ஆலையை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் நாம் இன்னும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறோம். அங்கே குழாயைத் திறந்தால் வருகிறது. அது பணத்தால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் ஊரே இல்லை என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. மழையே அரிதான ஊரில் 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையையும் சொல்ல வேண்டும். 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து அந்த நாட்டில் அப்படிப் பெய்ததில்லை என்றார்கள். விமான நிலையத்து ஓடுபாதையில் வெள்ளம் நின்றதை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது, போனால் கட்டாயம் பார்க்க வேண்டியது என்று நான் சொல்வது ஊருக்குள் நுழைந்து கிடக்கிற கடல்கழியை. க்ரீக் என்பார்கள். ஊரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தேரா, மறுபக்கம் பர் துபாய். நடுவில் அப்ரா என்ற சின்ன மரப்படகு ஓடுகிறது. அக்கரை போக ஒரு திர்ஹம். பல கோடி ரூபாய்க் கார் ஓடுகிற ஊரில் இதைவிட மலிவான சவாரி கிடையாது. தேரா கரையில் மர லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஃபிரிட்ஜ், டயர், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஈரான் பக்கமும் சோமாலியா பக்கமும் போகும். பாம்பன்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் மாலுக்கு வரமாட்டார்.

அந்த ஊர் எண்ணெயால் பிறந்ததாக நினைக்கிறோம். எண்ணெய் கிடைத்தது 1966இல்தான். அதற்கு முன்பே, 1960ஐ ஒட்டி, அப்போது துபாயை ஆண்ட ஷேக் ராஷித் கடன் வாங்கி இந்தக் கழியைத் தூர்வாரிக் கப்பல் வரும்படி செய்துவிட்டார். அதற்கும் முன்னால் அவர்கள் பிழைப்பு முத்துக்குளிப்பு. ஜப்பான்காரர்களின் வளர்ப்பு முத்து வந்ததும், உலகப் பொருளாதாரம் சரிந்ததும் சேர்ந்து 1930களில் அதை அழித்தன. நம் மன்னார் வளைகுடாவிலும் அந்தக் காலத்தில் முத்துதான் பேச்சு. இலங்கை முத்துக்குளிப்புக் காலத்தில் கீழக்கரை ஆட்களும் அரபு ஆட்களும் ஒரே கடலில் மூழ்கியிருக்கிறார்கள். இன்னொன்று, 1966 வரை அங்கே கடைவீதியில் ஓடியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய். அந்தக் காலத்தில் துபாயிலிருந்து வந்தவர் இங்கே பெருமையடிக்க வழியே இருந்திருக்காது!

சரி, பிள்ளை எங்கே இருக்கிறான்? சம்பளம் கொஞ்சம் நன்றாக இருந்தால் பக்கத்து ஊரான ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருப்பான், வாடகை குறைவு. அதற்கு விலை, காலையும் மாலையும் ஒரு மணி, ஒன்றரை மணி நேர நெரிசல். இல்லையென்றால் தேராவிலோ கராமாவிலோ பெட் ஸ்பேஸ். ஒரு அறைக்குள் அடுக்குக் கட்டில்கள். கட்டிலைச் சுற்றி ஒரு திரை. திரைக்குள் சார்ஜர், ஒரு பெட்டி, வீட்டுப் படம். அதுதான் அவன் சொந்த இடம். சமையலுக்கு முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவன் இரவு வேலைக்குப் போவான், ஒருவன் விடியலில் எழுவான். அதனால் விளக்கு போடுவதிலும் போன் பேசுவதிலும் எழுதாத சட்டங்கள் உண்டு. நம் ஊரில் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருக்க முடியாமல் சுவர் வைக்கிறோம். முன்பின் தெரியாத எட்டுப் பேர் அங்கே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

நீங்கள் போகிறபோது அவன் உங்களை அந்த அறைக்குக் கூட்டிப் போக மாட்டான். கூச்சப்படுவான். கூட்டாளியின் ஃபிளாட்டில் இடம் கேட்டு வாங்கி, லீவு எடுத்து, கடன் வாங்கிக்கூட புர்ஜ் கலீபாவின் மேல்மாடியைக் காட்டுவான். விடாதீர்கள். "உன் அறைக்குக் கூட்டிட்டுப் போ" என்று கேளுங்கள். கூட இருக்கிற பையன்களுக்கும் சேர்த்து ஒருவேளை மீன்குழம்பு ஆக்கிக் கொடுங்கள். ஹமூர் என்று அங்கே விற்பது நம் கலவாதான். அவன் ஏறிப் போகிற மெட்ரோவில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். ஓட்டுநர் இல்லாத ரயில், 2009இலிருந்து ஓடுகிறது. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. உள்ளே எதையும் தின்றால் அபராதம் 100 திர்ஹம், வெற்றிலை பாக்குக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாகப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு. கசகசா அந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாவில் ஒரு கரண்டி போட்டு அரைத்திருந்தாலும் அந்தப் பொடி வேண்டாம். வலி மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டில்லாமல் எடுத்துப் போகாதீர்கள். சில மாத்திரைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விசா முடிகிற தேதியை நீங்களே குறித்து வையுங்கள், தாண்டினால் தினமும் அபராதம் ஏறும். நம் ஊர் இனிப்பான தொதல் கொண்டு போகலாம். எண்ணெய் கசியும், ஓலைக்கொட்டானோடு வைக்காமல் இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். அறையில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.