முதல் சாமச் சுடரும் கடைச் சாமச் சுடரும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பஞ்சாப் பகுதியிலிருந்த சாகல நகரை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தன், நாகசேனர் என்னும் பௌத்த பிக்குவிடம் கேட்டான்: "சுவாமி, மறுபடி பிறக்கிறவன் செத்துப்போன அவனேதானா, வேறொருவனா?" "அவனும் இல்லை மகாராஜா, வேறொருவனும் இல்லை" என்றார் பிக்கு. பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில் வருகிற பேச்சு இது. கேட்டதும் மழுப்பலாகத்தான் படும். அதற்கு உவமையாக அவர் காட்டிய, ராத்திரி முழுக்க எரியும் விளக்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படிப் படாது.

அகலில் திரி எரிகிறது என்கிறோம். எண்ணெய் இருக்கும்வரை திரி அதிகம் எரிவதில்லை. திரி வழியாக எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. இந்த நொடி எரிந்த ஆவி அடுத்த நொடியில் இல்லை. ஆக, முதல் சாமத்துச் சுடரில் இருந்தது எதுவும் கடைச் சாமத்துச் சுடரில் கிடையாது. ஆனாலும் ராத்திரி முழுக்க எரிந்தது ஒரே விளக்குத்தானே?

பாலையும் தயிரையும் காட்டிப் பேசினார் நாகசேனர். அதை நம் அடுக்களைக்கே கொண்டுபோகலாம். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 10 மில்லி உறை ஊற்றுகிறோம். சூடு அதிகமானால் உறையிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும், பால் பாலாகவே கிடக்கும். மார்கழிக் குளிரில் உறைய நேரமாகும். மறுநாள் அந்தத் தயிரில் ஒரு கரண்டி, அதற்கு மறுநாளும் ஒரு கரண்டி. கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு தடவையும் 50-இல் ஒரு பங்கு. நாலு தடவை உறை ஊற்றியபின், முதல் நாள் தயிர் அதில் 62.5 லட்சத்தில் ஒரு பங்குதான். இல்லை என்றே சொல்லலாம். தயிரோ முதல் நாள் போலவே கெட்டியாக உறைகிறது.

இன்னொன்றும் தாய்மார்களுக்குத் தெரியும். கோழை கோழையாக நூல் விடும் தயிரை உறைக்கு எடுத்தால், நாளைய தயிரும் நூல் விடும். பால் புதுசு, பாத்திரம் புதுசு, கெடுதல் மட்டும் பழசு. வினை தொடர்கிறது என்பதை இதற்கு மேல் எப்படி விளக்குவது?

மறுபிறவி என்றதும், போவது எது, அதைக் காட்டு என்று கேட்கிறோம். தவறு அங்கேதான். அப்படி ஒரு பொருள் போக வேண்டியதில்லை. முன்னது இல்லாமல் பின்னது வந்திருக்காது, அவ்வளவு போதும். மாங்காய் திருடியவன், "அவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு" என்று வாதாடினால் விடுவாயா என்று அரசனையே கேட்டார் நாகசேனர். விடமாட்டேன் என்றான் அரசன். நட்டதிலிருந்துதானே இது வந்தது!

எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. நம் மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடியிலும் அரிட்டாபட்டியிலும் சமணர் தடம் இருக்கிறது. அவர்களும் விளக்கையே காட்டினார்கள்: குடத்துக்குள் வைத்தால் ஒளி குடமளவு, கூடத்தில் வைத்தால் கூடமளவு. எறும்பிலும் யானையிலும் உயிர் அதேதான்; உடம்புக்குத் தக்கபடி சுருங்கும், விரியும். அழகான உவமை. எனக்கு நாகசேனர் சொல்வதே நியாயமாகப் படுகிறது.

நாகசேனர் சொன்னதற்குச் சான்றுபோல, ஏழு வருஷத்தில் உடம்பு முழுக்கப் புதுசாகிறது என்று மேடைகளில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாளில் மாறும். பல்லின் எனாமல் மாறவே மாறாது.

நம் பக்கத்துக் குலதெய்வக் கோயில்களைப் பாருங்கள். பிழைப்புக்காக வேற்றூர் போனவர்கள், தாய்க்கோயிலில் ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுபோய்ப் பீடம் எழுப்புகிறார்கள். அங்கே இருப்பது அதே சாமியா, வேறு சாமியா? சாமியாடியைக் கேட்டால், கேள்வியே புரியாதவர்போல நம்மைப் பார்ப்பார். சிவராத்திரிக்குப் பிடிமண் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு, தாய்க்கோயிலுக்கும் வண்டி கட்டி வந்து சேர்கிறார்கள்.