கொண்டாட்டம் முடிந்தது, வண்டியை எப்போது எடுப்பது?

நேயர்களுக்கு ஒரு டாக்டரின் வணக்கம்.

ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். பள்ளிக்கூடமும் லீவு. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர் திரும்பி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, காதுகுத்து என்று வீடுகள் களைகட்டும். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து நம் இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைகளில், அரியமான், தனுஷ்கோடி என்று வந்து இறங்குவார்கள். இந்த மாதங்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிற டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார், கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று: குடியோடு முடிகிற கொண்டாட்டங்களிலிருந்துதான்.

குடிக்காதவர் குடிக்காமலே இருப்பது நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 21 வயது ஆகாதவர்களுக்குச் சட்டப்படியும் இடமில்லை. ஆனால் எப்படியும் குடிக்கப்போகிறவரிடம் அறிவுரை பேசினால் ரேடியோவை அணைத்துவிடுவார். அவரிடம் கணக்குதான் பேச வேண்டும்.

பிராந்தி, ரம் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், 42.8 சதவீதம் என்று இருக்கும். 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். குவார்ட்டர் 180 மில்லி, ஆக 60 கிராம். நம் ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கழிக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டர் முழுக்க வடிய ஆறு முதல் எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே. இரவு 12 மணிக்கு ரவுண்டை முடித்துப் படுத்தவர், விடிகாலை நாலு மணிக்கு முகம் கழுவி, "தெளிஞ்சிருச்சு மாப்ள, கிளம்பலாம்" என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். தெளிந்தது தூக்கம்தான். சரக்கில் நல்ல பங்கு இன்னும் ரத்தத்தில் ஓடுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. எலுமிச்சை, மோர், கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர், எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. "பீர்தானே" என்பவருக்கும் ஒரு வார்த்தை: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று, 30 மில்லி பிராந்தி மூன்றுக்குக் குறையாது.

கிடா விருந்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. இலை போட மதியம் இரண்டு ஆகும். தோப்புக்குள் பாட்டில் பதினோரு மணிக்கே திறந்துவிடும். வெறும் வயிற்றில் போகிற சாராயம் வேகமாக ஏறும். போதாக்குறைக்கு மே மாத வெயில். மது சிறுநீரைக் கூட்டும், வியர்வையும் சேர்ந்து உடம்பு வற்றிப்போகும், ஆனால் கையிலே கிளாஸ் இருப்பதால் தாகம் தெரியாது. விருந்து வைக்கிற மாமாக்களுக்குச் சொல்கிறேன், முதலில் சோற்றைப் போடுங்கள். நுங்கும் பதநீரும் சாயல்குடி பக்கம் கொட்டிக் கிடக்கிற காலம்தானே, அதையும் வாங்கி வையுங்கள்.

இனி கடல். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பாம்பனில் நிற்கிறவருக்குத் தெரியும், வடகடலான பாக் விரிகுடா குளம் போல இருக்கிற அன்றே தென்கடலான மன்னார் வளைகுடா குமுறும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கம் அலையும் நீரோட்டமும் வேறு ரகம். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சந்திக்கிற இடத்தில் குளிக்கக்கூடாது என்று எச்சரிப்பது சும்மா இல்லை. நீச்சல் தெரிந்தவன்தான் குடித்துவிட்டு இறங்குகிறான். தெரியாதவன் கரையிலே நின்றுவிடுகிறான். உள்ளே போனதும் தலை சுற்றும், எது மேலே எது கீழே என்று காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பே குழம்பும். சரி, அரியமான் ஆழமில்லையே என்று கேட்கலாம். ஆழமில்லாத இடத்தில் தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமல் போனவர்களின் வீட்டில் போய்க் கேளுங்கள், எத்தனை அடித் தண்ணீர் என்று. ஆகவே குளிப்பது முதலில், குடிப்பது அப்புறம், அதற்குப் பிறகு கடல் பக்கமே போகக்கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். உளறுவார், தள்ளாடுவார், வியர்த்துக் கொட்டும். கூட இருப்பவர்கள் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். கள்ளச்சாராயப் பக்கம் போகவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிர் போனது மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹாலால்தான். கண் மங்குகிறது என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

எழுப்பினாலும் எழாதவரை மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், 108-க்கு அடியுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும், "வெயில்ல மயங்கிட்டாரு டாக்டர்" என்று மழுப்ப வேண்டாம். எது குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அப்படியே சொல்லுங்கள். எந்த மருந்து கொடுப்பது என்று நாங்கள் முடிவெடுக்க அதுதான் தேவை.

நன்றி, வணக்கம்.