வலியில் வாய்க்கு வருகிற பாட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் நெல்லையப்பர் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் 'மருந்தவை மந்திரம்' என்று தொடங்கும். மருந்து முதலில், மந்திரம் அடுத்து. அவர் நாமத்தை நினை, அருந்துயர் கெடும் என்று நெஞ்சுக்குச் சொல்கிற பாட்டு. இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. பாட்டு அப்படிச் சொல்லவில்லை. சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டே பாடலாம்.

வலி முற்றிய நேரத்துக்கு உரியது அப்பருடைய 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்'. சூலை நோயில் துடித்தவருக்குத் தமக்கை திலகவதியார் திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போக, அங்கே பாடியது. பத்துப் பாட்டு. அதில் தத்துவம் தேடாதீர்கள். வயிற்றுக்குள்ளே, குடரோடு 'துடக்கி முடக்கியிட' என்று டாக்டரிடம் சொல்வதுபோல் இடம் சொல்கிறார். துடக்குவது என்றால் பிணைத்துக் கட்டுவது. வயிற்றுவலிக்காரர் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பது அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. அடுத்த பாட்டில் 'அஞ்சேலும் என்னீர்'. பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்கிறார். நம்ம பக்கம் 'நீரு ஏன் வே வரல?' என்று உரிமையோடு சண்டை பிடிப்போமே, அந்த 'நீர்'தான். ஆறாம் பாட்டுக்கு வரும்போது 'உன்னை மறந்தறியேன்' என்று இன்னும் நெருங்கிவிடுகிறார்.

யாரிடம் சொல்வது என்று தெரியாத வலி, ஒருவரிடம் வைக்கிற முறையீடாகிவிடுகிறது. துன்பத்துக்குப் பக்தி தருகிற பொருள் அவ்வளவுதான். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்து, 'எல்லாம் போன சென்மத்துப் பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் முதல் பாட்டின் இரண்டாம் வரியைப் பார்க்கட்டும்: 'கொடுமைபல செய்தன நானறியேன்'. நோயாளி தானே சாமியிடம் சொல்கிற வரி அது. வந்தவர் கணக்கு எழுத அதில் இடமில்லை.

தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது ஆற்றுக்குள்ளே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மூலவர் முருகன் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவி அதே இடத்தில் பூசை. வலியும் அப்படி ஒரு வெள்ளம்தான்; சாமி அதற்குள்ளேயே கூட இருக்கிறார்.

இனிப் பாடும் முறை. திருநீறு பூசி 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்குங்கள், முடிக்கும்போதும் அதுவே. குளித்துத்தான் பாட வேண்டும் என்று படுக்கையில் இருப்பவரைப் படுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் விளக்கோ சூடமோ கூடவே கூடாது. இழுப்புக்காரருக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது. ஆபரேஷனுக்கு முன் வாயில் எதுவும் போடக்கூடாது என்று சொல்லியிருந்தால் திருநீறும் நெற்றியோடு நிற்கட்டும்.

'கூற்றாயினவாறு' பதிகத்துக்குப் பண், அதாவது பழைய தமிழ் ராகம், கொல்லி. பண் தெரியாவிட்டால் வாசிக்கிற குரலே போதும். வலியில் மூச்சு குட்டையாகிவிடும். இழுத்து ராகம் போட்டால் பாதியில் அறும். அச்சில் ஒரு பாட்டு எட்டு வரி. வரிக்கு ஒரு மூச்சு, மூச்சை வெளியே விடும்போது சொல்லுங்கள். பத்தையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. இரைப்பு வாங்கும், சொல்லும் சிதையும். ஒரே பாட்டை மூன்று தடவை நிதானமாகச் சொல்வது எவ்வளவோ மேல்.

அதற்கும் தெம்பில்லாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லலாம். காதோடு காதாக, ஏழு வரியை நீங்கள் சொல்லுங்கள். எட்டாம் வரியில் 'வீரட்டானத்துறை' வரை வந்து நிறுத்துங்கள். கடைசிச் சொல் 'அம்மானே'. வலியில் எப்படியும் 'அம்மா' என்றுதான் முனகுவார். அது பாட்டில் சேர்ந்துவிடும்.