பெயரும் செய்ததும்

எல்லோருக்கும் வணக்கம்.

வியட்நாம் போர் என்றாலே பலருக்கும் ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வரும். நெல்வயலுக்கு மேலே தாழப் பறந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் அந்தக் காட்சி. அதில் இருந்தது யார் என்று கேட்டால் உடனே விமானி என்போம். சரி, விமானி மட்டுமா? ஹியூயி என்று எல்லோரும் அழைத்த யூஎச்-1 ஹெலிகாப்டரில் வழக்கமாக நான்கு பேர் இருந்தார்கள். முன்னால் இரண்டு விமானிகள். பின்னால், திறந்துகிடக்கும் கதவுகளின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். ஒருவர் ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் க்ரூ சீஃப், மற்றவர் கதவோரத்துத் துப்பாக்கிக்காரரான டோர் கன்னர். இவர்கள் அதிகாரிகள் இல்லை, சாதாரணப் படைவீரர்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பின்பக்கத்து இருவரைப் பற்றித்தான்.

க்ரூ சீஃபின் வேலையை முதலில் சொல்கிறேன். விமானிகள் இன்றைக்கு ஒரு ஹெலிகாப்டர், நாளைக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றிப் பறப்பார்கள். க்ரூ சீஃபுக்கு அப்படி இல்லை. ஒரு வண்டி அவர் பொறுப்பு என்றால், அது பறக்கும் இடத்துக்கெல்லாம் அவரும் போவார். பகல் முழுக்க இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் தளத்துக்குத் திரும்பியதும் விமானிகள் இறங்கிப் போவார்கள். அவருக்கு அப்போதுதான் இரண்டாவது வேலைநாள் தொடங்கும். டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி சுழலியைப் பார்க்க வேண்டும், எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், குண்டு துளைத்த இடங்களை எண்ண வேண்டும். டோர் கன்னர் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். விடிந்தால் மறுபடி பறக்க வேண்டும். அந்த ஹெலிகாப்டரில் ஏறும் அத்தனை பேர் உயிரும் முந்தின இரவு அவர் இறுக்கிய திருகில் இருந்தது என்று சொன்னால் அது மிகையே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டுக்கு நடுவே சின்ன இடத்தில் இறங்கும்போது பின்னால் சுழலும் வால் சுழலி முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானிக்குத் தெரியாது. அது மரத்தில் பட்டால் எல்லாம் முடிந்தது. பின்னால் இருக்கும் இருவரும் வெளியே தலையை நீட்டிப் பார்த்து, இடது பக்கம் சரி, வலது பக்கம் சரி, இன்னும் கொஞ்சம் இறங்கலாம் என்று ஒலிவாங்கியில் சொல்லச் சொல்லத்தான் அவர் இறக்குவார். விமானியின் கண் பாதி அவர்களிடம் இருந்தது.

அந்தப் போரில் இறந்த அமெரிக்க ஹெலிகாப்டர் விமானிகளும் குழுவினரும் ஏறக்குறைய 4,900 பேர். அதில் பாதிக்கு மேல் விமானி அல்லாதவர்கள். ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இவர்களுக்கென்று ஒரு நினைவுக்கல் 2018 ஏப்ரலில்தான் வந்தது. போர் முடிந்து 43 ஆண்டுகள் கழித்து! விமானிகளோடு குழுவினரையும் அந்தக் கல்லின் பெயரிலேயே சேர்த்தார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

விருதே கிடைக்கவில்லை என்று சொல்லவரவில்லை. கேரி வெட்சல் என்ற டோர் கன்னர் 1968 ஜனவரி 8 அன்று சுடப்பட்டு விழுந்த ஹெலிகாப்டரில் இருந்தார். சிக்கிக்கொண்ட விமானியைக் காப்பாற்றப் போகும்போது இரண்டு ராக்கெட்டுகள் பக்கத்திலேயே வெடித்தன. இடது கை போயிற்று. அந்த நிலையில் தடுமாறித் திரும்பிப் போய் தன் துப்பாக்கியைப் பிடித்து, எதிரே சுட்டுக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கியை அடக்கினார். அப்புறம் மறுபடியும் அந்த விமானியிடமே போகப் பார்த்து மயங்கி விழுந்தார். அந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது. என்ன செய்தார் என்பதும் விருதுப் பத்திரத்தில் விவரமாக இருக்கிறது.

ஆனால் அதே ஆண்டில் இன்னொரு பத்திரமும் எழுதப்பட்டது. நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அதைத்தான்.

1968 மார்ச் 16. மை லாய் கிராமம். அமெரிக்கத் தரைப்படையினர் ஆயுதம் இல்லாத பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே சின்னதாக ஒரு கண்காணிப்பு ஹெலிகாப்டர். அதில் மூன்று பேர். விமானி ஹியூ தாம்சன், வயது 24. க்ரூ சீஃப் கிளென் ஆண்ட்ரியோட்டா, வயது 20. கன்னர் லாரி கோல்பர்ன், வயது 18. பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களுக்கும் அவர்களை நோக்கி வந்த வீரர்களுக்கும் நடுவில் தாம்சன் ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தன் குழுவினர் இருவரிடமும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யோசித்துப் பாருங்கள். தன் நாட்டுச் சீருடைக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்க வேண்டியவனுக்கு வயது பதினெட்டு. இருவரும் நின்றார்கள். அந்த மக்கள் வேறு ஹெலிகாப்டரில் வெளியேறினார்கள்.

பிறகு பிணங்கள் நிறைந்த ஒரு கால்வாயில் ஏதோ அசைவதை ஆண்ட்ரியோட்டா பார்த்தார். இறங்கினார். உடல்களுக்கு நடுவே நடந்துபோய் உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, ஆண்ட்ரியோட்டா போரில் இறந்தார்.

இவர்களுக்கு விருது கொடுக்கத்தான் செய்தார்கள். தாம்சனுக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் வெண்கல நட்சத்திரம். ஆனால் எதிரிகளுக்கும் அமெரிக்க வீரர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சூட்டின் நடுவே மக்களைக் காப்பாற்றியதாக எழுதிவைத்தார்கள். அப்படி ஒரு சண்டையே அங்கே நடக்கவில்லை. தாம்சன் அந்தப் பதக்கத்தைத் தூக்கி எறிந்தார்.

பழைய நடுகற்களை நினைத்துப் பார்க்கிறேன். இறந்தவனின் பெயரை மட்டும் பொறித்துவிட்டு நம் முன்னோர் போய்விடவில்லை. அவன் என்ன செய்து இறந்தான் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். பெயரைச் சரியாகப் போட்டுச் செயலைப் பொய்யாக எழுதினால் அது நடுகல் ஆகுமா? அந்தப் பதக்கங்கள் அப்படித்தான் இருந்தன.

உள்ளதை உள்ளபடி எழுத முப்பது ஆண்டு ஆனது. ராணுவம் புதிய விருது தர முன்வந்தபோது, ஓசையில்லாமல் வாங்கிக்கொள்ள தாம்சன் சம்மதிக்கவில்லை. எல்லோரும் பார்க்கக் கொடுக்க வேண்டும், என் குழுவினர் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். ஓர் அதிகாரி தன்னோடு பறந்தவர்களுக்காக இப்படி நின்றது எனக்கு அந்தப் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1998 மார்ச் 6 அன்று வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவரின் முன்னால் மூவருக்கும் விருது கொடுத்தார்கள்.

அந்தச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. யார் பெயருக்கு முன்னாலும் பதவி இல்லை. ஜெனரலும் சிப்பாயும் இறந்த நாளின் வரிசையில் ஒன்றாக இருக்கிறார்கள். ஆண்ட்ரியோட்டாவின் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

தாம்சனும் கோல்பர்னும் அதற்குப் பிறகு மை லாய்க்குப் போனார்கள். 2001ல் போனபோது, அன்று கால்வாயிலிருந்து தூக்கிவந்த அந்தக் குழந்தையை வளர்ந்த ஆளாகப் பார்த்தார்கள். தூக்கிவந்தவர் மட்டும் உடன் இல்லை.