காவிரிக் கரையில் ஒரு கிறிஸ்தவ ஆசிரமம்: சாந்திவனத்தின் அன்றாட ஒழுங்கு

[காட்சி: காவிரி ஆற்றின் மணற்பரப்பு, கரையோர மரங்கள், மரங்களுக்கிடையே தெரியும் சிறு கோபுரம்]

வணக்கம். கரூர் மாவட்டத்தில், குளித்தலையை ஒட்டிக் காவிரியின் தென்கரையில் அமைந்திருக்கும் ஊர் தண்ணீர்ப்பள்ளி. அங்குள்ள சச்சிதானந்த ஆசிரமத்தைச் சுற்றுவட்டார மக்கள் சாந்திவனம் என்ற பெயரில் அறிவார்கள். காவி உடுத்தி, தரையில் அமர்ந்து உண்டு, காலையும் மாலையும் மௌனத்தில் அமரும் கத்தோலிக்கத் துறவிகள் வாழும் இடம் அது. இந்த வீடியோவில் அந்த ஆசிரமம் எப்படித் தோன்றியது, அங்கே ஒரு நாள் எவ்வாறு நகர்கிறது, அதன்மீது எழுந்த கேள்விகள் யாவை என்பவற்றைப் பார்ப்போம்.

1950ஆம் ஆண்டு மார்ச் 21, கத்தோலிக்கத் துறவிகளின் தந்தையாகப் போற்றப்படும் புனித பெனடிக்டின் திருநாள். அன்றுதான் பிரான்சிலிருந்து வந்த இருவர் இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் லியோன் மறைமாவட்டத்தின் குருவான ஜூல் மொன்ஷானின். 1939இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தின் எளிய கிராமப் பங்குகளில், அதாவது ஊர் ஆலயச் சமூகங்களில், பத்தாண்டுகள் பணியாற்றியிருந்த அவர், பிரான்சில் ஆழ்ந்த இறையியல் அறிஞராக மதிக்கப்பட்டவர். மற்றவர் பிரித்தானி கடற்கரையிலுள்ள கெர்கோனான் மடத்தைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்ரி லெ சோ. அவர் 1948இல்தான் இங்கு வந்து சேர்ந்தார். அன்றைய திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அவர்களுக்கு ஆதரவளித்தார். மொன்ஷானின் பரம அரூபி ஆனந்தர் என்ற பெயரையும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்று பின்னாளில் நிலைத்துவிட்ட பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

[காட்சி: ஓலைக் குடிசைகளின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

கிறிஸ்தவர்கள் ஆசிரமம் அமைத்தது அதுவே முதல் முறை அல்ல. 1921இலேயே திருப்பத்தூரில் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மருத்துவப் பணி மையமாக இருந்தது. தண்ணீர்ப்பள்ளியில் தொடங்கியவர்கள் பள்ளிக்கூடத்தையோ மருத்துவமனையையோ முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. இறைவன் முன் மௌனமாக இருப்பதையே தங்கள் பணியாகக் கொண்டார்கள். தொண்டு நிறுவனங்களால் அறியப்பட்ட ஒரு திருச்சபைக்குள், அந்த நாளில் இது எவ்வளவு புதிராகத் தோன்றியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரமத்தின் பெயரே அவர்களுடைய நம்பிக்கையைத் தாங்கி நிற்கிறது. சத், சித், ஆனந்தம், அதாவது இருப்பு, அறிவு, பேரின்பம் என்று வேதாந்தம் பரம்பொருளைச் சொல்லும் மூன்று நிலைகளிலும், தந்தை, மகன், தூய ஆவி என்று கிறிஸ்தவம் அறிக்கையிடும் மூவொரு கடவுளைத் தியானிக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். வங்காளத்தைச் சேர்ந்த பிரம்மபாந்தவ் உபாத்யாய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வழியில் சிந்தித்து, சம்ஸ்கிருதத்தில் ஒரு துதிப்பாடலும் இயற்றியிருந்தார்.

தொடங்கியவர்கள் எண்ணியது ஒன்று, நடந்தது வேறொன்று. இந்தியத் துறவிகள் பலர் வந்து சேர்ந்து ஒரு முழுமையான மடமாக இது வளரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அவர்கள் காலத்தில் நிலையாகத் தங்கியவர் எவரும் இல்லை. இருவருக்கும் இடையிலும் சிந்தனையில் இடைவெளி வளர்ந்தது. 1949இன் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைக் கண்டதிலிருந்து லெ சோவின் உள்ளம் அருணாசலத்தை நோக்கியே இழுக்கப்பட்டது. அவர் மலைக்குகைகளில் நீண்ட நாள்கள் மௌனத்தில் தங்கினார். பின்னர் திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்து அவரைத் தம் குருவாகவே கருதினார். அத்வைத அனுபவமும் மூவொரு கடவுளில் கொண்ட நம்பிக்கையும் அவ்வளவு எளிதில் இணையுமா என்ற ஐயம் மொன்ஷானினுக்கு இறுதிவரை தீரவில்லை. அவர் 1957 அக்டோபரில் பாரிசில் காலமானார். லெ சோ இமயமலை அடிவாரத்தில் உத்தரகாசியில் ஒரு குடிலை அமைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அங்கேயே நிலைத்து, 1973 டிசம்பரில் இந்தூரில் மறைந்தார்.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடையைக் கண்டுவிட்டதாக எண்ணாமல், இரு மரபுகளுக்கும் உண்மையாக இருக்க முயன்றதால் வந்த வேதனையை அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த நேர்மையே பெரிய துணையாயிற்று.

[காட்சி: ஆசிரமக் கோயிலின் முகப்பு, கோபுரச் சிற்பங்கள்]

1968இல் ஆசிரமத்தின் பொறுப்பு பீட் கிரிஃபித்ஸின் கைக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, பெனடிக்ட் சபையில் துறவியான இந்த ஆங்கிலேயர், 1955இல் இந்தியா வந்து, 1958இல் கேரளத்தில் குரிசுமலை ஆசிரமம் தோன்றுவதில் பங்கேற்றவர். அங்கிருந்து இரண்டு துறவிகளுடன் அவர் இங்கு வந்த காலமும் ஏற்றதாக இருந்தது. 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்னும் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவை எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்திருந்தது. 1969இல் இந்தியத் திருவழிபாட்டில் ஆரத்தி, தரையில் அமர்தல் போன்ற மாற்றங்களுக்கு உரோமை ஒப்புதல் அளித்தது. 1980களின் தொடக்கத்தில் சாந்திவனம், இத்தாலியின் கமால்தோலி மடத்தைத் தாயகமாகக் கொண்ட துறவுக் குடும்பத்துடன் இணைந்தது. தனிமையையும் கூட்டு வாழ்வையும் ஒருங்கே பேணும் அந்த மரபுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. பீட் 1993 மே 13 அன்று தம் குடிலில் காலமானார். அவருடைய கல்லறை ஆசிரமத்திலேயே இருக்கிறது.

இப்போது அன்றாட ஒழுங்குக்கு வருவோம். சாந்திவனத்தைப் பற்றிய விவாதங்களில் இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். விடியுமுன் மணி ஒலிக்கிறது. சூரியன் எழும் வேளையில் ஒரு மணி நேரம் தனித் தியானம். பலர் ஆற்றங்கரையை நாடிப் போகிறார்கள். பிறகு காலைச் செபமும் திருப்பலியும். நண்பகலிலும் மாலையிலும் மீண்டும் கூட்டுச் செபம், சூரியன் மறையும் வேளையில் மீண்டும் ஒரு மணி நேரத் தியானம், இரவில் நாமசெபம். கூட்டுச் செபத்தில் சம்ஸ்கிருத மந்திரங்களும், இந்திய சமய நூல்களின் பகுதிகளும், தமிழ்ப் பக்திப் பாடல்களும், விவிலியத்தின் திருப்பாடல்களும் வாசகமும் இடம்பெறுகின்றன. காலையில் சந்தனமும், நண்பகலில் குங்குமமும், மாலையில் திருநீறும் நெற்றியில் இடப்படுகின்றன. சந்தனம் இறையருளின் நறுமணமாகவும், குங்குமம் அகக்கண்ணின் அடையாளமாகவும், திருநீறு எரிந்து தூய்மையடைந்த உள்ளத்தின் குறியாகவும் அங்கே விளக்கப்படுகின்றன.

நம் பங்குகளில் தவக்காலத் தியானம் என்றால் ஒருவர் பிரசங்கம் செய்ய, மற்றவர்கள் கேட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து வீடு திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். சாந்திவனத்தில் தங்குவோருக்கு அப்படி யாரும் மூன்று வேளையும் பிரசங்கம் செய்வதில்லை. உணவு தரையில் அமர்ந்து, பேச்சின்றி உண்ணப்படுகிறது. காலை உணவுக்குப் பின் விருந்தினரும் காய்கறி நறுக்க உட்காருகிறார்கள். வேலை, வாசிப்பு, செபம் மூன்றும் நாளில் தத்தம் இடத்தைப் பெற வேண்டும் என்பது 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலின் அடிப்படை. வரும் விருந்தினர் அனைவரும் கிறிஸ்துவைப் போலவே வரவேற்கப்பட வேண்டும் என்றும் அதன் 53ஆம் அதிகாரம் பணிக்கிறது. தொடக்கத்தில் துறவிகள் வராத மடத்தில் விருந்தினர் நிறைந்தபோது, விருந்தோம்பலே அதன் முதன்மைப் பணியாக மாறியது இயல்பாகவே நிகழ்ந்தது.

[காட்சி: நூலக அலமாரிகள், திறந்த நூலின் பக்கங்கள்]

படிப்பும் இங்கே செபத்திலிருந்து பிரிந்து நிற்பதில்லை. பெனடிக்ட் மரபில் இறைநூலை வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற, தனிமை பேணும் கார்த்தூசிய சபைத் துறவி அதை நான்கு படிகளாக வகுத்தார். முதலில் சிறு பகுதி ஒன்றை மெதுவாக வாசித்தல். அடுத்து, உள்ளத்தில் தைத்த சொல்லை அசைபோட்டுச் சிந்தித்தல். மூன்றாவதாக, அச்சிந்தனையிலிருந்து எழும் மன்றாட்டு. இறுதியில் சொற்களையெல்லாம் விட்டுவிட்டு இறைவனின் முன்னிலையில் அமைதியாக இருத்தல். பீட் தம் மாலை உரைகளில் விவிலியத்தை மட்டுமன்றிப் பகவத் கீதையையும் இவ்வாறு நிதானமாக விளக்கினார். கீதைக்கு அவர் கூறிய விளக்கம் நூலாகவும் வெளிவந்திருக்கிறது.

இந்த மௌனச் செபம் உலகெங்கும் பரவியதில் நம்மில் பலர் அறியாத ஒரு மலாயாத் தொடர்பும் உண்டு. 1950களில் மலாயாவில் பணியாற்றிய ஜான் மெயின் என்ற கத்தோலிக்கர், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தரிடம், ஒரு கிறிஸ்தவச் சொல்லையே மந்திரமாகக் கொண்டு காலையும் மாலையும் அமரக் கற்றார். பின்னர் பெனடிக்ட் சபைத் துறவியான அவர், அதே பயிற்சி பாலைவனத்தில் வாழ்ந்த பண்டைய கிறிஸ்தவத் துறவிகளின் எழுத்திலும் இருப்பதைக் கண்டு, துறவியரல்லாத பொதுநிலையினருக்குக் கற்பித்தார். அவருடைய நினைவாக 1991இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நடந்த கருத்தரங்கில் உரையாற்றியவர் பீட் கிரிஃபித்ஸ்தான். கிறிஸ்தவத் தியானத்துக்கான உலகச் சமூகம் அங்கேதான் உருவெடுத்தது.

எதிர்ப்புகளும் எழுந்தன. இது சமயக் கலப்பு என்று கத்தோலிக்கர் சிலர் கண்டித்தனர். இந்துத் துறவின் அடையாளங்களை மதமாற்றத்துக்கு மறைப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1980களில் இந்து எழுத்தாளர் சீதாராம் கோயல் முதலானோர் எழுதினர். பீட் கடிதங்கள் வழியாக மறுமொழி கூறினார். ஆனால் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது தலித் கிறிஸ்தவர்களின் கேள்வியே. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்களாக இருக்கும்போது, வேத மந்திரத்தையும் கருவறையையும் இந்தியப் பண்பாட்டின் முழு உருவமாக எடுத்துக்கொண்டால், அந்தக் கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பறையும் பாட்டும் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவை என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தால் மட்டும் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. சாந்திவனத்தை நேசிக்கிறவர்களே இதை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

[காட்சி: எளிய விருந்தினர் குடில்கள், வழிகாட்டிப் பலகை]

அங்கே தங்கிச் செபிக்க விரும்புவோருக்குச் சில சொற்கள். எந்தச் சமயத்தவரும், எந்தச் சமயத்தையும் சாராதவரும் செல்லலாம். குளித்தலையில் ரயில் நிலையம் உண்டு. திருச்சி, கரூர் பேருந்துகளும் அவ்வழியே செல்கின்றன. முன்கூட்டியே எழுதி இடம் கேட்டுச் செல்வது நல்லது. குடில்கள் எளியவை, உணவு சைவம். தங்குவோர் தம்மால் இயன்ற காணிக்கையைத் தருகிறார்கள். ஒரே பகலில் சுற்றிப் பார்த்துத் திரும்புவதைவிட, சில நாள்களேனும் தங்கி, கைப்பேசியை அணைத்துவைத்து, எல்லாச் செப நேரங்களிலும் கலந்துகொள்ளுங்கள். முதல் நாளின் மௌனம் பெரும்பாலோருக்குச் சுமையாகவே இருக்கும். அதனால் மனம் தளர்ந்து உடனே கிளம்பிவிட வேண்டாம்.