பாயில் படுக்கும் பச்சைக் குழந்தை: மல்லாக்க ஏன்?

[காட்சி: குடியாத்தம் பக்கம் ஒற்றை அறை வீடு. கோரைப்பாய், உத்தரத்தில் சேலைத் தூளி, மூலையில் பீடி முறம்.]

"குழந்தையைத் தனிக் கட்டிலில் படுக்க வையுங்கள்" என்று டிஸ்சார்ஜ் அன்று சொல்லி அனுப்புகிறார்கள். ஐந்து பேர் படுக்கிற இந்த அறையில் கட்டிலை எங்கே போடுவது? அம்மாக்கள் தலையாட்டிவிட்டு வந்து பழையபடி செய்கிறார்கள். காரணம் தெரியாத அறிவுரை ராத்திரி 2 மணி அழுகைக்குத் தாங்காது. அதனால் காரணத்தோடு, பாயை வைத்தே பேசுவோம்.

முதலில் ஆயாவின் பயம்: "மல்லாக்கப் போடாதம்மா, பால் கக்கினா பொரை ஏறிடும்."

[படம்: குழந்தையின் கழுத்து, பக்கவாட்டில்.]

மூச்சுக்குழாய் கழுத்தின் முன்பக்கம், உணவுக்குழாய் அதற்குப் பின்னால். மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே இருக்கும். கக்கிய பால் மேடேறிப் போகாது. குழந்தை விழுங்கிவிடும், இல்லையென்றால் வாயோரம் வழியும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். ஒருக்களித்துப் போடுவதும் சரிவராது, தூக்கத்தில் குப்புற உருண்டுவிடும். அமெரிக்காவில் 1994ல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' பிரசாரம் தொடங்கிய சில ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தைச் சாவுகள் ஏறக்குறையப் பாதியாகின. பொரை ஏறிய சாவுகள் கூடவில்லை. பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்துப் படுக்க வைத்தால் ஆயாவுக்கும் நிம்மதி.

[காட்சி: உள்ளங்கை மெத்தையை அழுத்துகிறது. எடுத்த பிறகும் குழி நிற்கிறது.]

இலவம்பஞ்சு மெத்தை இப்படித்தான். முகம் அந்தக் குழியில் புதைந்தால், விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கும். இந்த விஷயத்தில் ஏழை வீட்டுப் பாய்க்கே முதலிடம்: பாய், மேலே இரண்டாக மடித்த ஜமுக்காளம், அதன்மேல் இழுத்துச் செருகிய பருத்தித் துணி. கை அழுத்தினால் குழி விழக்கூடாது. கடுகுத் தலையணை வேண்டாம். தலை சப்பையாகும் என்று பயந்தால், ஒரு நாள் தலையைக் கிழக்கே வைத்தும் மறுநாள் மேற்கே வைத்தும் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்திலிருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கொசுவலைப் படுக்கை வாங்கினால் அதோடு வரும் குட்டித் தலையணையை எடுத்துவிடுங்கள்.

[காட்சி: தூளிக்குள் குழந்தை. தாடை நெஞ்சில் முட்டியிருக்கிறது.]

தூளியை விடச் சொன்னால் யாரும் விடப்போவதில்லை. ஆனால் இந்தத் தாடையைப் பாருங்கள். கழுத்து மடிந்தால், குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய் நெரிந்த ஸ்ட்ரா மாதிரி ஆகிவிடும். மேலே சேலை மூடிக்கொண்டால் முகமும் கண்ணுக்குத் தெரியாது. தூளியில் ஆட்டுங்கள், கண் அசந்ததும் பாய்க்கு மாற்றுங்கள். சமையல் முடியட்டும் என்று தூளியிலேயே விட்டுப் போவதுதான் ஆபத்து.

யார் பக்கத்தில் படுப்பது? குழந்தைக்கு ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் சுவரை ஒட்டாமல், சந்தில் சிக்காத அளவு இடம். நடுவில் வேண்டாம், அண்ணன் அக்கா பக்கத்திலும் வேண்டாம். அப்பா குடித்திருந்தால் அன்றைக்கு அவருக்குத் தனிப் பாய். பீடி பிடிப்பவரோடு ஒரே பாயில் படுப்பதும் ஆபத்தைக் கூட்டும். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும்தான். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைக்கு அம்மாவின் பாயை ஒட்டித் தனி விரிப்பே நல்லது.

வேலூர் வெயில் சொல்லவே வேண்டாம். மே மாதத்திலும் குல்லா, கம்பளி, சாக்ஸ் என்று மூட்டை கட்டுகிறோம். கை கால் ஜில்லென்று இருப்பது குளிருக்கு அடையாளம் அல்ல. பிடரியைத் தொடுங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். ஃபேன் ஓடட்டும்.

வழக்கம் பெரும்பாலும் உடைவது வழக்கமில்லாத ராத்திரியில்தான்: திருவிழாவுக்கு ஊருக்குப் போன நாள், காய்ச்சல் வந்த நாள், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று குப்புறப் போட்ட நாள். முதல் ஆறு மாதத்தில், அதிலும் 2 முதல் 4 மாதத்துக்குள் ஆபத்து அதிகம். வெளியூர் போனால் அந்த ஜமுக்காளத்தையும் துணியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயாவிடம் குழந்தையைக் கொடுக்கும்போது, கழுத்துப் படத்தை போனில் அவருக்கு ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள்.